அடுத்தவர் எழுதிய எலுமிச்சை இனிப்பு ரெசிபியை வீட்டில் செய்யும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெமன் கர்ட் ஒரு பாட்டில் செய்து யாருக்காவது கொடுத்தால், அன்று மாலையே "ரெசிபி அனுப்பு" என்று செய்தி வரும். அனுப்பினால் இரண்டு நாளில் சந்தேகங்கள் வரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

அடிக்கடி வரப்போகும் பெயர்கள் மூன்று. கர்ட் என்பது முட்டை, சர்க்கரை, சாறு, வெண்ணெய் சேர்த்துச் சிறு தீயில் கிண்டி எடுக்கும் வழுவழுப்பான கூழ். பாஸெட் என்பது க்ரீமையும் சர்க்கரையையும் காய்ச்சிச் சாறு ஊற்றிக் குளிரவைத்து உறையவிடுவது. டார்ட் என்பது மொறுமொறுப்பான மாவு ஓட்டுக்குள் எலுமிச்சைக் கலவை ஊற்றியது.

1. நான் இதுக்கெல்லாம் புதுசு. முதல்ல எதைச் செஞ்சு பார்க்கட்டும்?

பாஸெட். மூன்றே பொருள்தான், முட்டை கிடையாது, ஓவன் வேண்டாம். 600 மி.லி. கொழுப்பு மிகுந்த க்ரீம், 150 கிராம் சர்க்கரை, 75 மி.லி. எலுமிச்சைச் சாறு என்பது நன்றாக வரும் ஓர் அளவு. க்ரீமையும் சர்க்கரையையும் மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சாற்றைக் கலந்து கிண்ணங்களில் ஊற்றி, ஃபிரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெலட்டின் இல்லை, மாவு இல்லை, முட்டை இல்லை, ஆனாலும் உறைகிறது. உறையவைப்பது சாற்றிலுள்ள புளிப்பு. எலுமிச்சை இனிப்புகளில் சாறு வாசனைக்காக மட்டும் இல்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவீர்கள். கீழே வரும் பாதிச் சந்தேகங்களுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

2. ரெசிபியில 'லெமன்'னு இருக்கு. என்கிட்ட இருக்கிறது சின்னச் சின்ன எலுமிச்சை. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லெமன் என்பது இரு முனையும் கூம்பிய, தடித்த தோலுள்ள பெரிய பழம். உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும் சின்னது லைம் வகையைச் சேர்ந்தது. புளிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டின் சாற்றிலும் சுமார் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கும். ஆகவே சாற்றை அளந்து ஊற்றினால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் தைரியமாகப் போடலாம்.

மாறுவது வாசனை. லைமின் மணம் கூர்மையானது, தோல் லேசாகக் கசக்கவும் செய்யும். லெமன் கேட்கும் ரெசிபிக்கு லைம் போடுகிறீர்கள் என்றால் தோல் துருவலைப் பாதியாகக் குறையுங்கள். மேயர் லெமன் என்று எழுதியிருந்தால் மட்டும் கவனம் தேவை. 1908-இல் ஃபிராங்க் மேயர் என்பவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பழம் அது. புளிப்பு குறைவு, இனிப்பு கூடுதல். அதற்கென எழுதிய ரெசிபியில் சாதாரண எலுமிச்சை போட்டால் முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிக்கும்.

3. 'ரெண்டு எலுமிச்சை சாறு'ன்னு மொட்டையா எழுதியிருக்காங்களே, எவ்வளவு ஊத்துறது?

இப்படி எழுதுபவர்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. ஒரு பெரிய லெமனில் 45 முதல் 60 மி.லி. வரை சாறு வரும். சின்ன லைம் ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி கிடைத்தாலே பெரிது. 'இரண்டு பழம்' என்பது 30 மி.லி.யாகவும் இருக்கலாம், 120 மி.லி.யாகவும் இருக்கலாம்.

லெமன் என்றிருந்தால் ஒரு பழத்துக்கு 50 மி.லி. என்று கணக்கு வையுங்கள். பிழிந்த பிறகு வடிகட்டி அளக்கவும். அதே பெயருள்ள வேறு இரண்டு ரெசிபிகளில் மி.லி. கணக்கு இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று அருகில்தான் இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தைச் சற்று நேரம் வெளியே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுப் பிழிந்தால் சாறு கூடுதலாக வரும்.

4. 'ஜெஸ்ட்'னா என்ன? தோலா? எவ்வளவு ஆழமா துருவணும்?

தோலின் மேலே இருக்கும் நிறமுள்ள படலம் மட்டும். அதில்தான் வாசனை எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. அதற்கு அடியிலுள்ள வெள்ளைத் தோல் கசக்கும். மிகச் சிறிய கண்ணுள்ள துருவியில் ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை தேய்த்துவிட்டுப் பழத்தைத் திருப்பிவிடுங்கள். வெள்ளை தெரிந்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள்.

முழுப் பழத்தைத் துருவுவது எளிது. பிழிந்த பழத்தைத் துருவினால் விரல்தான் துருவப்படும். ஆகவே முதலில் துருவல், பிறகு பிழிதல். கடையில் வாங்கும் பழத்தின் தோலில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருக்கலாம், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவவும்.

ரெசிபியில் சொல்லாவிட்டாலும் நான் எப்போதும் செய்வது ஒன்று: துருவலை அந்த ரெசிபியின் சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனியால் இரண்டு நிமிடம் கசக்குவேன். சர்க்கரை ஈரமாகி மணக்க ஆரம்பிக்கும். எண்ணெய் சர்க்கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பொருளும் கூடாமல் வாசனை மட்டும் கூடும்.

5. கப், ஸ்டிக், ஃபாரன்ஹீட்... தலை சுத்துது. இதையெல்லாம் எப்படி மாத்துறது?

ரெசிபி எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. இதில் பெரிய சேதம் இல்லை. ஆனால் மேசைக்கரண்டி அமெரிக்காவில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. ஆறு கரண்டி சாறு என்றால் 30 மி.லி. வித்தியாசம் வந்துவிடும், அது இனிப்பையே மாற்றிவிடும்.

அமெரிக்க ரெசிபிக்கு: ஒரு கப் சர்க்கரை 200 கிராம், ஒரு கப் மைதா 120 முதல் 125 கிராம், ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113 கிராம். அங்கே 'லார்ஜ்' முட்டை என்றால் ஓடு நீக்கி சுமார் 50 கிராம். உங்கள் முட்டை சிறியதாக இருந்தால் எண்ணிக்கையை மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். மூன்று முட்டை என்றால் உடைத்து ஊற்றி 150 கிராம். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 177 டிகிரி செல்சியஸ், 180 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்து 160.

ஒரு தராசு வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியில் பாதி இல்லாமல் போய்விடும்.

6. எந்தப் பாத்திரத்துல கிண்டணும்? எதுவா இருந்தா என்ன?

அலுமினியமும் பூச்சில்லாத இரும்பும் ஆகாது. புளிப்பு அவற்றோடு வினைபுரிந்து உலோக ருசியைக் கொண்டுவந்துவிடும், நிறமும் மங்கும். எவர்சில்வர், எனாமல், கண்ணாடி எதுவானாலும் சரி. எவர்சில்வரிலும் அடி கனமான பாத்திரம் நல்லது.

நான் முதன்முதலில் கர்ட் கிண்டியது அலுமினியச் சட்டியில். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஒரு வாய் வைத்தால் சாவிக்கொத்தை நாக்கில் வைத்த மாதிரி. வந்த உலோக ருசியைச் சர்க்கரை போட்டோ வெண்ணெய் போட்டோ போக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும்.

7. 'கெட்டியாகும் வரை கிண்டவும்'னு இருக்கு. என்னுது கெட்டியாகவே இல்ல. எப்பதான் இறக்குறது?

அடுப்பில் இருக்கும்போது கர்ட் முழுக் கெட்டியாக ஆகாது. ஆறி, வெண்ணெய் இறுகும்போதுதான் கரண்டியில் நிற்கும் பதம் வரும். அடுப்பிலேயே அந்தப் பதத்துக்குக் காத்திருப்பவர்கள்தான் முட்டையைத் திரியவிடுகிறார்கள்.

மரக்கரண்டியை முக்கி எடுத்து, அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு கலையாமல் நின்றால் இறக்கிவிடலாம். வெப்பமானி இருந்தால் 77 முதல் 80 டிகிரி செல்சியஸ். கொதி வரவே கூடாது. முட்டை கலந்த உணவுக்குப் பாதுகாப்பான வெப்பம் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்வது 71 டிகிரி. கோடு நிற்கும் பதத்தில் அதைத் தாண்டியிருப்பீர்கள். நேரத்தை நம்பாதீர்கள். ரெசிபி எழுதியவர் '10 நிமிடம்' என்றது அவருடைய அடுப்பு, அவருடைய சட்டி. என் அடுப்பில் ஏழு நிமிடமும் ஆகியிருக்கிறது, பதினெட்டும் ஆகியிருக்கிறது.

8. கர்ட் திட்டுத்திட்டா ஆயிடுச்சு! தூக்கிப் போட்டுடவா?

பொறுங்கள். உடனே இறக்கிக் குளிர்ந்த பாத்திரத்துக்கு மாற்றி, கண் சிறிய வடிகட்டியில் கரண்டியால் அழுத்தித் தேய்த்து வடியுங்கள். வெள்ளைத் துணுக்குகள் வடிகட்டியில் தங்கிவிடும். அவை பெரும்பாலும் வெள்ளைக் கரு. மஞ்சள் கருவைவிட அது சீக்கிரம் வெந்துவிடும். மொத்தமும் மணல் மாதிரி ஆகிவிட்டிருந்தால் ஹேண்ட் பிளெண்டரால் ஒரு சுற்று சுற்றலாம். வழுவழுப்பு ஓரளவு திரும்பும், ஆனால் முட்டை வாடை இருந்தால் அது போகாது.

அடுத்த முறை முட்டையையும் சர்க்கரையையும் முதலில் நன்றாக அடித்துக் கலந்துவிட்டுப் பிறகு சாறு ஊற்றுங்கள். மஞ்சள் கருவின்மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு ஃபோன் பேசப் போகாதீர்கள், தொட்ட இடமெல்லாம் சிறு கட்டியாகக் காய்ந்துவிடும். பயமாக இருந்தால் கொதிக்கும் நீரின்மேல் கிண்ணத்தை வைத்துக் கிண்டுங்கள். நேரமாகும், ஆனால் திரியும் வாய்ப்பு குறைவு.

9. சர்க்கரை ரொம்ப ஜாஸ்தியா தெரியுது. பாதியா குறைச்சா என்ன ஆகும்?

பாதி வேண்டாம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கர்டில் அது முட்டையைக் காக்கிறது: சர்க்கரை இருக்கும்போது முட்டைப் புரதம் இறுகக் கூடுதல் வெப்பம் வேண்டும். அதைப் பாதியாக்கினால் திரிவதற்கும் நல்ல பதத்துக்கும் இடையே உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடும். 8ஆம் கேள்வியோடு என்னிடம் வருபவர்களில் பலர் சர்க்கரையைக் குறைத்தவர்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். கேக்கில் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, குறைத்தால் வறண்டுபோகும்.

முதல் முறை எழுதியபடியே செய்யுங்கள். குளிரவைத்துச் சாப்பிடுங்கள், சூட்டில் தெரியும் இனிப்பு குளிர்ந்தபின் தெரியாது. அப்போதும் தித்திப்பாக இருந்தால் அடுத்த முறை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நான் அதற்குமேல் போவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தாலே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

10. அக்கா, எலுமிச்சைக்குப் பதிலா ஆரஞ்சு போடலாமா? பசங்களுக்குப் புளிப்பு பிடிக்காது.

சாறுக்குச் சாறு மாற்றினால் ஏமாந்துபோவீர்கள். எலுமிச்சைச் சாற்றில் 5 சதவீதம் அமிலம் என்றேனே, ஆரஞ்சில் சுமார் 1 சதவீதம்தான். 1ஆம் கேள்வியில் சொன்ன பாஸெட்டை ஒருமுறை முழுக்க ஆரஞ்சுச் சாற்றில் செய்தேன். ஆறு மணி நேரம் கழித்தும் ஆரஞ்சு வாசனையுள்ள க்ரீமாகவே இருந்தது. டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். கர்டில் முட்டை இருப்பதால் கெட்டியாவது ஆகும், ஆனால் ருசி மந்தமாக, வெறும் தித்திப்பாக இருக்கும்.

வழி இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, தோல் துருவலை மட்டும் ஆரஞ்சுக்கு மாற்றுங்கள். ஆரஞ்சின் மணம் சாற்றைவிடத் தோலில்தான் அதிகம். புளிப்பு உறையவைக்கும் வேலையைச் செய்யும், மூக்குக்கு ஆரஞ்சு தெரியும். கர்டில் இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் பாதி எலுமிச்சை, பாதி ஆரஞ்சுச் சாறு போட்டு, சர்க்கரையை 9இல் சொன்ன அளவுக்குக் குறைக்கலாம். ஆரஞ்சுச் சாற்றை நான்கில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டுச் சேர்ப்பதும் உண்டு. கிரேப் ஃப்ரூட்டின் புளிப்பு இரண்டுக்கும் நடுவில், அதற்கும் இதே விதி.

11. எலுமிச்சைதான் ஊத்தினேன், அப்பவும் பாஸெட் உறையலையே?

க்ரீமைப் பாருங்கள். கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் உறையாது, அல்லது திரிந்து தண்ணீர் பிரியும். இங்கிலாந்து ரெசிபிகள் சொல்லும் டபுள் க்ரீமில் கொழுப்பு சுமார் 48 சதவீதம். 35 சதவீத விப்பிங் க்ரீமிலும் வரும், ஆனால் தளர்வாக இருக்கும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீமை இதற்கு நம்ப முடியாது. இங்கே புளிப்பு பிடித்து இறுக்குவது பாலிலுள்ள கேசின் புரதத்தை.

க்ரீம் சரி என்றால், சூடு. ஆறிய க்ரீமில் சாறு ஊற்றினால் இந்த உறைவு வராது. கொதித்து இறக்கியதும் ஊற்ற வேண்டும். இரண்டும் சரியென்றால் சாற்றின் அளவு, 3ஆம் கேள்வி.

12. பாட்டில்ல வர்ற எலுமிச்சைச் சாறு ஊத்தலாமா?

உறையவைக்க உதவும், மணக்காது. புதுப் பழத்தின் தோலைத் துருவிப் போட்டு, சாற்றுக்கு மட்டும் பாட்டில் என்றால் ஒப்புக்கொள்ளலாம். சர்க்கரை கலந்த ஸ்குவாஷ் வகையறா வேண்டவே வேண்டாம்.

13. நாங்க முட்டை சாப்பிடுறதில்ல. கர்ட், டார்ட் எல்லாம் எங்களுக்கு இல்லைனு விட்டுடணுமா?

பாஸெட் இருக்கிறதே. அடுத்து கண்டென்ஸ்டு மில்க் முறை. 400 கிராம் டின் ஒன்றில் 120 மி.லி. எலுமிச்சை அல்லது லைம் சாற்றை ஊற்றிக் கலக்கினால் கண் முன்னாலேயே கெட்டியாகும். பாஸெட்டில் நடக்கும் அதே வேலைதான், அடுப்புகூட வேண்டாம். ஃபுளோரிடா மாநிலம் 2006-இல் தன் அதிகாரபூர்வ 'பை' (டார்ட் மாதிரி மாவு ஓட்டுக்குள் கலவை ஊற்றிய இனிப்பு) என்று அறிவித்த கீ லைம் பையின் அடிப்படை இதுதான். அதில் மஞ்சள் கருவும் சேர்ப்பார்கள். முட்டையை விட்டுவிட்டு, பேக் செய்யாமல், இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தால் சற்று மென்மையாக, ஆனால் வெட்டும் பதத்தில் நிற்கும்.

அகர் அகர் (கடல்பாசி) போட்டு உறையவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகரைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகுதான் சாறு சேர்க்க வேண்டும். சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு அகரைச் சிதைத்துவிடும், இறுகாது. ஜெலட்டின் சைவம் இல்லை, அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது.

14. லெமன் மெரிங் பைக்குச் சோளமாவு போட்டு ஃபில்லிங் செஞ்சேன். ராத்திரி கெட்டியா இருந்தது, காலைல பார்த்தா தண்ணியா ஓடுது. பேய் வேலையா?

மஞ்சள் கரு வேலை. (எலுமிச்சைக் கூழின்மேல் சர்க்கரையோடு நுரைக்க அடித்த வெள்ளைக் கருவைப் போட்டுச் சுடும் பைதான் லெமன் மெரிங் பை.) மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. சரியாகக் கொதிக்கவைக்காவிட்டால் அது உயிரோடு தங்கி, ராத்திரி முழுக்கச் சோளமாவுக் கூழைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

7ஆம் கேள்வியில் கொதிக்கவே கூடாது என்றேன், இங்கே கொதித்தே ஆக வேண்டும் என்கிறேன். இரண்டும் சரி. மாவில்லாத கர்ட் கொதித்தால் முட்டை திரியும். சோளமாவு இருந்தால் அது முட்டைப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கும், ஆகவே கொதியைத் தாங்கும். மஞ்சள் கரு சேர்த்த பிறகு நடுவில் குமிழ் வெடிக்கும்படி ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சாற்றை ஆரம்பத்திலேயே ஊற்றி மாவோடு வெகுநேரம் கொதிக்கவிட்டால் புளிப்பும் மாவுச்சத்தை உடைக்கும். தண்ணீர், சர்க்கரை, மாவு முதலில். கெட்டியானதும் மஞ்சள் கரு. கொதித்த பிறகு அடுப்பை அணைத்துச் சாறும் வெண்ணெயும். ரெசிபி வேறு வரிசை சொன்னாலும் நான் இதைத்தான் பின்பற்றுகிறேன். எழுதியபடி செய்யச் சொல்லும் நானே மீறும் ஒரே இடம் இது.

15. எல்லாம் நல்லா வந்துச்சு, ஆனா பின்னாக்குல கசக்குது.

முதல் சந்தேகம் வெள்ளைத் தோல், 4ஐப் பாருங்கள். இரண்டாவது விதை. மிக்ஸியில் பழத்தை அப்படியே போட்டு அடித்தால் விதையும் அரைபடும், லிமோனின் என்ற கசப்புப் பொருள் அதில் இருக்கிறது. மூன்றாவது, பிழியும்போது கடைசிச் சொட்டுக்காகத் தோலைப் போட்டு முறுக்குவது.

ஆரஞ்சில் ஒரு விந்தை உண்டு. நேவல் வகை ஆரஞ்சைப் பிழிந்தவுடன் குடித்தால் தித்திக்கும், சில மணி நேரம் வைத்திருந்தால் கசக்கும். பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனினாக மாறுவதுதான் காரணம். முதல்நாளே பிழிந்துவைத்து வேலையை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

16. லெமன் கேக்ல வாசனை பத்தல. பாலைக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா சாறு ஊத்தவா?

வாசனைக்குத் துருவலைக் கூட்டுங்கள், சாற்றை அல்ல. சாறு கூடினால் பேக்கிங் பவுடர், சோடா கணக்கு மாறும். மாவிலேயே வாயு எல்லாம் வெளியேறி, ஓவனுக்குப் போகும்போது பொங்க ஒன்றும் மிச்சமிருக்காது. சோடாவைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று போனால், கணக்குத் தப்பிய சோடா சோப்பு மாதிரி ருசிக்கும்.

சாற்றை ஊற்ற வேண்டிய இடம் வெந்த கேக்கின் மேல்பக்கம். கேக் சூடாக இருக்கும்போதே குச்சியால் குத்தி, சாற்றில் சர்க்கரையைக் கரையாமல் கலந்து ஊற்றுங்கள். சாறு உள்ளே போகும், சர்க்கரை மேலே மொறுமொறுப்பாகப் படியும்.

17. ரெசிபியில 20 செ.மீ. டின், என்கிட்ட 23 தான் இருக்கு. மூணு செ.மீ. தானே?

விட்டத்தில் மூன்று, பரப்பில் நிறைய. 20 செ.மீ. வட்டத்தின் பரப்பு 314 சதுர செ.மீ., 23 செ.மீ. வட்டத்தின் பரப்பு 415. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்படியே ஊற்றினால் டார்ட் மெல்லியதாகி, சொன்ன நேரத்துக்கு முன்பே வெந்து வெடித்துவிடும். எல்லாவற்றையும் 1.3 மடங்காக்குங்கள், மூன்று முட்டை நான்காகும். சதுர டின்னாக இருந்தால், 20 செ.மீ. சதுரமும் 23 செ.மீ. வட்டமும் ஏறக்குறைய ஒன்று.

பேக் செய்யும் டார்ட்டை, ஓரம் இறுகி நடுப்பகுதி மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். நடுவில் 70 டிகிரி இருந்தால் போதும். நடுவும் ஆடாமல் நிற்கும்வரை விட்டால் ஆறும்போது பிளவு விழும்.

18. எத்தனை நாள் வச்சுக்கலாம்?

கர்ட், சுத்தமான மூடிய பாட்டிலில், ஃபிரிட்ஜில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. ஃபிரீசரில் சில மாதம் தாங்கும், கெட்டியாக உறையாது. பாஸெட் மூன்று நாள். வெளியே வைக்காதீர்கள். துருவியபின் மொட்டையாக நிற்கும் பழங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும், அன்றே பிழிந்து ஐஸ் டிரேயில் உறையவையுங்கள்.

19. நான் எழுதினபடியேதான் செஞ்சேன். அப்போ ரெசிபியே தப்பா இருக்குமா?

இருக்கலாம். அச்சிலேயே பிழையோடு வந்த ரெசிபிகளைக் கண்டிருக்கிறேன். பொருள் பட்டியலில் துருவல் இருக்கும், செய்முறையில் அதை எப்போது போடுவது என்று இருக்காது. அல்லது வெண்ணெய் இரண்டு இடத்தில் வரும், பட்டியலில் ஒரு முறைதான் இருக்கும். செய்யத் தொடங்கும் முன் பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொருளும் செய்முறையில் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அளவைச் சந்தேகப்பட்டால் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். 120 மி.லி. சாற்றுக்கு மூன்று முட்டை, 150 முதல் 200 கிராம் சர்க்கரை, 85 முதல் 115 கிராம் வெண்ணெய் என்பது கர்டின் வழக்கமான எல்லை. இதற்கு வெகு தூரத்தில் இருந்தால் எழுதியவர் கை தவறியிருக்கலாம்.

ஆனால் இந்தக் கேள்வி கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்டால், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். "சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைச்சேன்... க்ரீம் லோ ஃபேட்தான் இருந்தது... ஆமா, பழம் சின்னதுதான்." அது எழுதினபடி செய்தது இல்லை. எழுதியவரைக் குறை சொல்லும் முன் இந்தப் பட்டியலை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

20. நான் மாத்திச் செஞ்சது ஒரிஜினலைவிட நல்லா வந்துச்சு. இனிமே இதை என் ரெசிபின்னு சொல்லிக்கலாமா?

சட்டப்படி பார்த்தால், வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலை. எழுதியவரின் சொந்த நடையிலுள்ள விளக்கத்துக்கு உண்டு. ஆகவே அவருடைய வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போடுவது எப்படியும் தவறு.

சட்டத்தை விடுங்கள். துருவலை ஆரஞ்சுக்கு மாற்றியதற்கெல்லாம் ரெசிபி உங்களுடையதாகிவிடாது. நான் என் நோட்டில் எழுதுவது இப்படி: மேலே யாருடைய ரெசிபி என்று பெயர், கீழே என் மாற்றங்கள், தேதியோடு. 'சாறு 75 மி.லி., லைம். துருவல் பாதி. பதினொரு நிமிடத்தில் கோடு நின்றது. அடுத்த முறை உப்பு.' யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே அனுப்பிவிடுவேன், மேலே இருக்கும் பெயரோடு.